மூச்சுக்காற்று யாருடைமை?



காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் சூட்டிய இனம் தமிழினம். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல். இப்பெயர்கள் ஏட்டில் எழுதி வைப்பதற்காகப் பிறந்தவை அல்ல. தென்றலின் தண்மையையும், வாடையின் நடுக்கத்தையும், கோடையின் வெம்மையையும், கொண்டலின் ஈரத்தையும் மேனியால் அறிந்த மாந்தன் வைத்த பெயர்கள் அவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திசை கண்டு, தன்மை கண்டு, நான்காகப் பிரித்தறிந்த கூர்மை அது.

அந்த நான்கு காற்றும் இன்றும் வடசென்னையில் வீசுகின்றன. வாடை எழுந்தால் அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் புகை எண்ணூர்க் குப்பங்களின் மேல் இறங்குகிறது. கோடை எழுந்தால் மணலி ஆலைகளின் நாற்றம் திருவொற்றியூரை எட்டுகிறது. கொண்டல் எழுந்தால் கடற்கரையில் கக்கிய புகை உள்நாட்டு ஊர்களுக்குப் போகிறது. தென்றலோ மீஞ்சூரையும் பழவேற்காட்டையும் நோக்கி அதைத் தள்ளுகிறது. காற்றின் பெயர் மாறவில்லை. அதன் முதுகில் ஏற்றிய சுமைதான் மாறிவிட்டது. முன்னோர் காற்றைத் தொட்டுப் பார்த்துத் திசை சொன்னார்கள். எண்ணூர்த் தாய் இன்று நாற்றத்தை வைத்துத் திசை சொல்கிறாள். துவைத்துக் கொடியில் போட்ட வெள்ளை வேட்டியில் படிந்த கரும்புள்ளியைப் பார்த்து, எந்தப் புகைபோக்கி நேற்றிரவு கூடுதலாகக் கக்கியது என்று சொல்கிறாள். இது அறிவின் வளர்ச்சியா? துன்பம் கற்றுத்தந்த பாடம்!

சுமை ஏறிய வரலாறு

இச்சுமை ஒரே நாளில் ஏறியதன்று. ஒவ்வொரு மூட்டையாக, ஒரே கழுதையின் முதுகில் ஏற்றினார்கள்.

1969-இல் மணலியில் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அன்று அதன் திறன் ஆண்டுக்கு 25 இலக்கம் தொன். இன்று அது 1 கோடியே 5 இலக்கம் தொன். 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதற் பிரிவு எரியத் தொடங்கியது. ஐந்து பிரிவுகளும் சேர்ந்து 450 மெகாவாட்டு. 1971-இல் மணலி உர ஆலை ஆக்கத்தில் இறங்கியது. அவற்றைச் சுற்றி வேதிப்பொருள் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற் கட்டம் 630 மெகாவாட்டுடன் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் முதற்பணியே மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதுதான். அதன்பின் வடசென்னை இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட்டு; வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட்டு. 2017-இல் பழைய எண்ணூர் நிலையம் மூடப்பட்டது. மக்கள் சற்றே மூச்சு விடுவதற்குள், 2024-இல் வடசென்னை மூன்றாம் கட்டம் 800 மெகாவாட்டுடன் திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டு திசம்பரில் எர்ணாவூரில், மூடிய பழைய நிலையத்துக்கு மாற்றாக 660 மெகாவாட்டு விரிவாக்கம் ஒன்றுக்காக மக்கள் கருத்துக்கேட்பு நடந்தது. மக்கள் எதிர்த்தார்கள்.

கூட்டிப் பாருங்கள். 450 போனது, வந்தது 4,130. இதற்குப் பெயர் குறைப்பா?

இன்னொரு நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் இராயபுரம் மக்கள் கரித்தூளை மூச்சோடு உண்டார்கள். முறையிட்டார்கள். உயர் வழக்குமன்றம் தலையிட்டது. 2011 அக்தோபர் முதல் நாளிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்றது. இராயபுரத்துக்கு அது விடிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நிலக்கரி எங்கே போயிற்று? எண்ணூருக்குப் போயிற்று. ஒரு தெருவின் கரியை வாரி இன்னொரு தெருவில் கொட்டிவிட்டுத் தூய்மை செய்துவிட்டதாகச் சொல்லுகிற வேலை இது. இடம்மாற்றுவது வேறு, குறைப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாத திட்டம் எதுவும் ஏழையின் வாசலிலேயே வந்து முடியும்.

ஏன் ஏழையின் வாசல்? மீன் பிடிப்பவரும், உப்பளத்தில் உழைத்தவரும், மூட்டை தூக்குபவரும் வாழ்கிற இடம் வடசென்னை. நகரின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. நகரின் எண்ணெய் மணலியில் வடிகிறது. நகரின் விளக்கு அத்திப்பட்டில் எரிகிறது. ஒளி ஓரிடத்தில், சாம்பல் வேறிடத்தில்! 2011-இல் திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. மாநகரின் பெயர் கிடைத்தது. மாநகரின் காற்று கிடைக்கவில்லை.

அளந்து சொன்னவர் அவர்களே

இது உணர்ச்சி வயப்பட்டோரின் கூச்சல் என்று சிலர் ஒதுக்கலாம். நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாடெங்கும் உள்ள 88 தொழிற்பகுதிகளை ஆய்ந்து ஒவ்வொன்றுக்கும் மாசு மதிப்பெண் இட்டது. 70-ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசுற்ற பகுதி என்பது அளவுகோல். மணலி பெற்றது 76.32. பள்ளித் தேர்வில் இம்மதிப்பெண் பெற்றால் பெற்றோர் மகிழ்வர். இத்தேர்விலோ மதிப்பெண் உயர உயர ஊர் தாழ்கிறது. 2010 சனவரியில் இத்தகைய 43 பகுதிகளில் புதிய ஆலைகளுக்கு இசைவு வழங்குவது நிறுத்தப்பட்டது. பின்னர் அத்தடை படிப்படியாக விலக்கப்பட்டது. 2018-இல் மீண்டும் அளந்தார்கள். மணலியின் மதிப்பெண் 84.15. நோய் தீர்ந்தது என்று மருத்துவர் சொல்லிய பிறகு காய்ச்சல் ஏறியிருந்தால், அந்த மருத்துவரை என்னென்பது?

இப்புகையில் இருப்பது என்ன? மூன்றை மட்டும் பார்ப்போர் போதிய தெளிவு பெறுவர்.

முதலாவது நுண்துகள். மாந்தனின் தலைமயிர்த் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கினும் சிறியது. இரண்டரை மைக்குரோமீட்டருக்கு உட்பட்டது. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று, அங்கிருந்து குருதியில் கலக்கிறது. எனவேதான் இப்புகை இருமலோடு நிற்பதில்லை. நெஞ்சாங்குலையையும் மூளைக் குருதிக் குழாயையும் தாக்குகிறது. ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் 40 மைக்குரோகிராம் வரை இருக்கலாம் என்று இந்திய வரையறை 2009-இல் இசைந்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2021-இல் சொன்னதோ 5. எட்டு மடங்கு இடைவெளி! தமிழனின் நுரையீரல் எட்டு மடங்கு வலியது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை.

இரண்டாவது கந்தக ஈருயிரகை. நிலக்கரியிலும் எண்ணெயிலும் உள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் வளி. மூச்சுக் குழாயைச் சுருக்கும். இரைப்பு நோயாளியைத் துடிக்க வைக்கும். அது மட்டுமன்று. காற்றில் மிதக்கும்போதே வேதிமாற்றம் அடைந்து நுண்துகளாகவும் ஆகிவிடும்.

மூன்றாவது நைட்டிரசன் உயிரகைகள். மிகு வெப்பத்தில் எரியும் இடமெல்லாம் பிறப்பவை. வெயிலோடு சேர்ந்து வேறொரு நஞ்சையும் ஈன்பவை.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, ஆகையால் கவலை வேண்டா என்று ஓர் அமைதி சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் அலகு மின்னாற்றலுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரி எரிகிறது. 1,500 மெகாவாட்டு நிலையம் ஒருநாள் முழுத் திறனில் ஓடினால் 3 கோடியே 60 இலக்கம் அலகு. அதற்கு வேண்டும் நிலக்கரி ஏறத்தாழ 25,000 தொன். அதில் கந்தகம் அரை விழுக்காடே என்று கொண்டாலும் 125 தொன். ஒரு தொன் கந்தகம் எரிந்தால் இரண்டு தொன் கந்தக ஈருயிரகை. ஆக, ஒரே நாளில் ஏறத்தாழ 250 தொன்! அரை விழுக்காடு என்ற சொல் சிறிது. அதை எரிக்கும் அடுப்போ பெரிது.

ஓர் இரவு

2023 திசம்பர் வடசென்னையால் மறக்க முடியாத திங்கள். புயல் வெள்ளத்தோடு கசிவெண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. அந்தக் கறை காயுமுன், திசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன், பெரியகுப்பத்துக் கடற்கரையில் ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயிலிருந்து வளி கசிந்தது. கண்ணும் தொண்டையும் எரிய மக்கள் விழித்தெழுந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஏறத்தாழ ஐம்பது பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லவேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடவேண்டும் என்ற இரண்டு செய்திகளை அவர்கள் தாய்மொழியில் முன்னரே தெரிவிக்க எவ்வளவு செலவாகும்? காற்றின் நான்கு திசைக்கும் பெயர் தந்த மொழியில், காற்றிலிருந்து தப்பிக்கும் வழி எழுதப்படவில்லை!

தவணை மேல் தவணை

சட்டம் இல்லையா? உண்டு. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இலேயே வந்தது. தூய காற்றும் நீரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச வழக்குமன்றம் 1991-இல் தீர்ப்புரைத்தது. மாசுபடுத்தியவனே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை, வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் அதே மன்றம் நிலைநாட்டியது. தமிழ் மண்ணில் எழுந்த வழக்கு நாட்டுக்கே நெறியாயிற்று.

நெறி நின்றது, நிறைவேற்றம் நடந்ததா? அனல்மின் நிலையங்கள் கக்கும் கந்தக ஈருயிரகைக்கு 2015 திசம்பரில் நடுவணரசு வரம்பு கட்டியது. இரண்டாண்டுத் தவணை தந்தது. 2017 வந்தது; பணி முடியவில்லை; தவணை 2022 வரை நீண்டது. பின்னர் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்து மீண்டும் நீட்டினார்கள், அதன்பின் மீண்டும், 2024 இறுதியில் மீண்டும். கடன்பட்ட உழவன் ஒரு தவணை தவறினால் ஏர்மாடு ஏலத்துக்குப் போகிறது. கடன்பட்ட புகைபோக்கிக்கோ தவணைக்கு முடிவே இல்லை. இறுதியில் 2025 சூலையில், நாட்டின் அனல்மின் நிலையங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்கு வழங்கப்பட்டது. புகைபோக்கி குறித்த உயரம் இருந்தால் போதும் என்றாயிற்று. பத்து இலக்கத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 இறுதி வரை தவணை நிற்கிறது.

மாநகர எல்லையை ஒட்டி வாழும் மக்கள் இந்தத் தவணையை நெஞ்சில் குறித்துக்கொள்ள வேண்டும். 2027 என்பது இன்னொரு நீட்டிப்பின் தொடக்கமாகிவிடாமல் காப்பது அவர்கள் விழிப்பைப் பொறுத்தது.

யொக்கைச்சி கற்பித்த பாடம்

குறைக்க முடியுமா என்று கேட்போர்க்குச் சப்பானின் இரண்டு நகரங்கள் விடை சொல்லும்.

யொக்கைச்சி என்பது கடற்கரை நகரம். எண்ணூரைப் போலவே மீனவர் குடியிருந்த இடம். 1959-இல் அங்கே பெரும் எண்ணெய் வேதித்தொகுதி இயங்கத் தொடங்கியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் இசோசு என்னும் மீனவர் பகுதியில் இரைப்பு நோய் பரவியது. அந்நோய்க்கே நகரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆலைகள் முதலில் என்ன செய்தன? புகைபோக்கியை உயர்த்தின. அருகில் இருந்தோர்க்குப் புகை சற்றுக் குறைந்தது. தொலைவில் இருந்தோர்க்குப் புதிதாக வந்தது. உயரம் தீர்வன்று, பங்கீடு என்று உலகம் கற்றது அங்கேதான். அன்று யொக்கைச்சியில் தோற்ற மருந்தையே 2025-இல் இங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்!

1967-இல் இசோசு மக்களுள் ஒன்பது பேர் ஆறு ஆலைகளின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 'எங்கள் புகை வரம்புக்குள்தான் இருக்கிறது. உங்கள் நோய்க்கு எந்தப் புகைபோக்கி பொறுப்பு என்று காட்டுங்கள்' என்பது ஆலைகளின் வாதம். 1972 சூலை 24-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆறு ஆலைகளும் கூட்டாகப் பொறுப்பு என்றது மன்றம். புகை கலந்துவிட்டால் பொறுப்பும் கலந்தே நிற்கும். தனித்தனியே கைகழுவ முடியாது.

தீர்ப்போடு நின்றுவிடவில்லை. அதே ஆண்டு அம்மாநிலம் மொத்த அளவு வரம்பு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு புகைபோக்கியின் செறிவையும் தனித்தனியே பார்ப்பதை விட்டு, அந்த வட்டாரத்தின் காற்று எவ்வளவு தாங்கும் என்று முதலில் கணித்து, அந்த மொத்தத்தை ஆலைகளுக்குப் பங்கிட்டது. கந்தகம் குறைந்த எரிபொருளுக்கு மாறினார்கள். எண்ணெயிலிருந்தும் புகையிலிருந்தும் கந்தகத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1976-இல் அந்நகரம் கந்தக ஈருயிரகை வரையறையை எட்டியது. 1973-இல் இயற்றிய நாட்டுச் சட்டம், கக்கும் கந்தகத்தின் அளவுக்கேற்ப ஆலைகளிடம் பணம் தண்டி நோயாளிகளுக்கு ஈடு வழங்க வழி செய்தது. ஆலைகள் மூடப்பட்டனவா? இல்லை. நாடு நலிந்ததா? இல்லை.

இரண்டாம் நகரம் கித்தக்கியூசூ, இரும்பாலை நகரம். அங்கே 1950-களிலும் 60-களிலும் தொபாத்தா என்னும் பகுதியின் பெண்கள் எழுந்தார்கள். அவர்கள் கணவன்மார் அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். ஆலையை எதிர்த்தால் அடுப்பு அணையும். எதிர்க்காவிட்டால் பிள்ளையின் மூச்சு அணையும். இந்த இருதலைக் கொள்ளிக்கு நடுவே நின்று அவர்கள் கற்க முடிவு செய்தார்கள். துணிகளைக் காயப்போட்டுப் படியும் கரியை ஒப்பிட்டார்கள். பெட்டி வைத்துத் தூசியைத் திரட்டி அளந்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் கணக்கை எடுத்தார்கள். பல்கலைக்கழக அறிஞரை அழைத்துப் பாடம் கேட்டார்கள். 1965-இல் 'நீலவானம் வேண்டும்' என்னும் கருத்தில் தாங்களே ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள். கூச்சலை ஒதுக்கிய ஆலைகளால் கணக்கை ஒதுக்க முடியவில்லை. நகராட்சியும் ஆலைகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. வானம் தெளிந்தது.

எண்ணூர்த் தாயின் கொடியிலும் வெள்ளை வேட்டி காய்கிறது. அதில் படிந்த புள்ளியும் ஒரு கணக்கே.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கடலூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் மக்கள் 2004 முதல் தங்கள் மூக்கையே அளவுகோலாகக் கொண்டு, எந்த நாள், எந்த நேரம், எந்தக் காற்றில், எந்த ஆலைப் பக்கமிருந்து, எதைப் போன்ற நாற்றம் வந்தது என்று குறிப்பேடு எழுதினார்கள். எளிய வாளிக் கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதுவரை 'ஊர்க்காரர் புலம்பல்' எனப்பட்டது, அதன்பின் சான்றாயிற்று.

எப்படிக் குறைப்பது?

நுட்பம் புதியதன்று, அரியதுமன்று. புகையிலுள்ள சாம்பலை மின்னேற்றிய தகடுகளால் இழுத்துப் பிடிக்கும் கருவி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் துகளைத் தடுக்க வல்லது. அதைப் பழுதின்றி ஓட்ட வேண்டும், அவ்வளவே. புகையைச் சுண்ணாம்புக்கல் குழம்பின் வழியே செலுத்தினால் கந்தக ஈருயிரகையில் தொண்ணூறு விழுக்காடும் அதற்கு மேலும் பிடிபடும். கழிவாக வருவது சுவர்ப் பூச்சுக்குப் பயன்படும் உறைகளிக்கல். நைட்டிரசன் உயிரகைகளைக் குறைக்கத் தணிந்த வெப்பத்தில் எரிக்கும் எரிவாய்கள் உண்டு. நிலக்கரியை மூடிய பட்டைகளில் கொண்டு செல்லலாம், குவியலை நனைக்கலாம், சாரைக்கு மூடி போடலாம். எண்ணெய் ஆலையில் இணைப்புகளும் அடைப்பிதழ்களும் கசிகின்றனவா என்று கருவி கொண்டு முறைவைத்துச் சோதிக்கலாம். இவற்றுள் எதற்கும் வானத்தை வளைக்க வேண்டியதில்லை.

மொத்த வரம்பு முறையும் இந்தியாவுக்குப் புறம்பானதன்று. சூரத்து நகரில் 2019-இல் ஏறத்தாழ 300 ஆலைகளை உட்படுத்தி, அவை கக்கும் துகளின் மொத்த அளவுக்கு வரம்பு கட்டினார்கள். குறைவாகக் கக்கிய ஆலை தன் மிச்ச உரிமையை விற்கலாம், மிகையாகக் கக்கிய ஆலை அதை விலைக்கு வாங்க வேண்டும், வாங்காவிட்டால் தண்டம். துகள் 20 முதல் 30 விழுக்காடு குறைந்தது என்று ஆய்வாளர் கண்டனர். சூரத்தில் இயன்றது மணலியில் ஏன் இயலாது?

வேலை போய்விடும் என்று அச்சுறுத்துவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வினா: ஆலையின் புகையை முதலில் குடிப்பவன் யார்? ஆலைத் தொழிலாளியே. வாயிலுக்கு உள்ளே எட்டு மணி நேரம், வாயிலுக்கு வெளியே பதினாறு மணி நேரம், அதே காற்று. உழைப்பை விற்றவன் நுரையீரலையும் சேர்த்து விற்றதாக எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. கருவி பொருத்தவும், ஓட்டவும், சாம்பலை அள்ளிக் கல்லாக்கவும் கைகள் வேண்டும். மாசைக் குறைப்பது வேலையைக் குறைப்பதன்று, வேலையைக் கூட்டுவதே.

தமிழில் தெரிந்துகொள்ளும் உரிமை

ஓர் ஆலை வருமுன் அதன் விளைவுகளை ஆய்ந்து பெருநூல் ஒன்று எழுதப்படுகிறது. 2006-ஆம் ஆண்டின் விதிப்படி அதன் சுருக்கம் மட்டுமே அவ்வட்டார மொழியில் வரவேண்டும். முழு நூல் ஆங்கிலத்தில் கிடக்கிறது. எத்தனை தொன் சாம்பல், எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு படியும், கசிந்தால் எத்தனை நொடியில் எந்தத் தெருவை எட்டும் என்பனவெல்லாம் அந்தப் பெருநூலுக்குள் புதைந்திருக்கின்றன. கருத்துக் கேட்கிறார்கள், எதைப் பற்றிய கருத்து என்பதைத் தமிழில் சொல்வதில்லை. பரிசம் போட்டபின் பெண்ணிடம் விருப்பம் கேட்பது போன்றது இது.

2020-இல் அவ்விதியையே மாற்ற வரைவு ஒன்று வந்தது. அதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டார்கள். தில்லி உயர் வழக்குமன்றம் 2020 சூன் 30-இல், எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதை வெளியிட ஆணையிட்டது. நடுவணரசு அதை எதிர்த்து உச்ச வழக்குமன்றம் வரை சென்றது. மூச்சுக்காற்றைப் பற்றிய சட்டத்தைக் குடிமக்கள் மொழியில் பெயர்க்க மனமில்லாமல் வழக்காடிய அரசு அது!

புகைபோக்கியின் உள்ளே நிமையத்துக்கு நிமையம் அளக்கும் கருவிகள் உள்ளன. அவ்வளவீடுகள் வாரியத்துக்குப் போகின்றன. அவற்றைத் தமிழ் எண்ணும் எழுத்தும் அறிந்த எவரும் படிக்கும்படி எண்ணூர்ச் சந்தையிலும், மணலிப் பேருந்து நிலையத்திலும், பள்ளி வாயில்களிலும் பலகையில் காட்டினால் என்ன குறைந்துவிடும்? மறைத்தவன் பிடிபடுவான் என்பதைத் தவிர வேறொன்றும் குறையாது.

மொழியுரிமை என்பது மேடையலங்காரம் என்று நினைப்போர், பெரியகுப்பத்து இரவை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அறியாத மொழியில் இருக்கும் எச்சரிக்கை, எச்சரிக்கையே அன்று. தாய்மொழியில் அறிவு வேண்டும் என்பது பாடநூலோடு முடியும் வேண்டுகோளன்று. உயிரோடு தொடர்ந்த வேண்டுகோள்.

வேண்டுவன ஐந்து

ஒன்று: எண்ணூர்–மணலி வட்டாரம் தாங்கும் மாசின் மொத்த அளவைக் கணித்து வரம்பு கட்டுக, அந்த வரம்புக்குள் வரும்வரை புதிய புகைபோக்கி ஒன்றும் வேண்டா.

இரண்டு: 2027 தவணையை இனியொரு நாளும் நீட்டாமல், கந்தகம் பிடிக்கும் கருவிகளைப் பொருத்துக, பொருத்தியதை ஓட்டுக.

மூன்று: புகைபோக்கி அளவீடுகளையும் காற்றளவீடுகளையும் தமிழில் தெருவுக்குக் கொண்டு வருக.

நான்கு: வடசென்னையில் வீடுதோறும் மூச்சுநோய்க் கணக்கெடுத்து, அம்மருத்துவச் செலவை, கக்கும் அளவுக்கேற்ப ஆலைகளிடம் தண்டுக.

ஐந்து: விளைவாய்வு நூல் முழுவதும், இடர்க்காலக் கையேடு முழுவதும் தமிழில் வருக, வராத கருத்துக்கேட்பு செல்லாது என்க.

அரசு செய்ய வேண்டியவை இவை. மக்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குப்பந்தோறும் ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். நாள், நேரம், காற்றின் திசை, நாற்றம், இருமிய பிள்ளையின் பெயர், துணியில் படிந்த கரி என்று ஒவ்வொரு நாளும் எழுதட்டும். காற்றின் திசையை எழுதும் இடத்தில் ஆங்கில எழுத்து வேண்டா. வாடை என்று எழுதுங்கள். கோடை என்று எழுதுங்கள். கொண்டல் என்றும் தென்றல் என்றும் எழுதுங்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் முன்னோர் கொடுத்த அச்சொற்கள் வழக்குமன்றத்தில் சான்றாக நிற்கட்டும்.

நிலத்துக்குப் பட்டா உண்டு. நீருக்குப் பங்கு உண்டு. காற்றுக்கு மட்டும் உடைமையாளன் இல்லை என்று எண்ணியதால்தான் புகைபோக்கிகள் அதைத் தம் உடைமையாக்கிக்கொண்டன. காற்று எவனுடைய தனியுடைமையும் அன்று. மூச்சு விடும் ஒவ்வோர் உயிரின் பொதுவுடைமை. பொதுவுடைமையைக் கெடுத்தவன் கணக்குச் சொல்லியாக வேண்டும். கேட்க வேண்டியவர்கள் கேட்கத் தொடங்கினால், வடசென்னையில் மீண்டும் தென்றல் தென்றலாகவே வீசும்.

வாழ்க தமிழ்! வெல்க மக்கள் உரிமை!